மூலைக்காரி திருத்திச் சொன்ன பேச்சு

எங்கள் டிவி நிலையத்தில் அவளை மூலைக்காரி என்றுதான் கூப்பிடுவோம். திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் நின்றுகொண்டு, செய்தியில் வருகிற பேச்சையெல்லாம் காது கேளாதவர்களுக்குக் கையால் சொல்கிற சைகைமொழிக்காரி அவள். நான் மேக்கப் போடுகிறவள். பதினாறு வருஷமாக அங்கே வந்து உட்காருகிற முகங்களுக்கெல்லாம் பவுடர் பூசி அனுப்புகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம்தானா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அப்படிப்பட்ட நானே இந்த விஷயத்தில் மூன்று மாதமாக வாயைத் திறக்கவில்லை. இனிமேலும் அடக்கிக்கொண்டிருந்தால் எனக்குத்தான் ஏதாவது ஆகும்.

மேக்கப் அறையில் கண்ணாடியைச் சுற்றிப் பதினாலு பல்பு, அதில் நாலு எரியாது. மற்றவர்கள் வந்தால் சட்டைக் காலரில் டிஷ்யூ பேப்பரைச் செருகி, முகத்தோடு வேலையை முடித்துவிடுவேன். இவளுக்கு மட்டும் கையும் சேர்த்து. விளக்கு வெளிச்சத்தில் விரல் பளபளத்தால் பார்க்கிறவர்களுக்குச் சைகை சரியாகத் தெரியாதாம். மோதிரம் கூடாது, வளையல் கூடாது, நகப்பூச்சு கூடாது, பூப்போட்ட துணி கூடவே கூடாது.

"அக்கா, விரல் இடுக்குல விட்டுட்டீங்க" என்பாள்.

"அடி போடி, உன் விரல் இடுக்கை யாரு உக்காந்து பாக்கப்போறா?"

"எங்கண்ணன் பாப்பாருக்கா. பாத்துட்டுக் குறை சொல்லி மெசேஜ் போடுவாரு."

அந்த அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இவளுக்கு ஐந்து வயசானதிலிருந்து அவருக்குக் காது இவள்தான். பெற்றவர்கள் இரண்டு பேரும் சைகைமொழியைக் கற்றுக்கொள்ள மெனக்கெடவே இல்லை. டாக்டர் சொன்னது, வாத்தியார் சொன்னது, வாடகைக்கு விட்டவர் சத்தம் போட்டது, எல்லாம் இவள் கை வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணனைக் கட்டிக்கொண்ட அண்ணிக்கும் காது கேட்காது. ஆற்றோரம் தாழ்வான தெரு ஒன்றில் இரண்டு அறை வீடு. அண்ணன் சோபாவுக்கு மெத்தையும் உறையும் தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். அதே பட்டறையில் அவருக்கு ஒரே ஒரு உயிர்ச் சிநேகிதர், மீசை. அவருக்கும் கேட்காது. அந்த மொழியில் பழகியவர்களுக்குள் ஆளுக்கு ஒரு அடையாளம்தான் பெயர். மேலுதட்டின்மேல் விரலை இழுத்துக் காட்டினால் மீசை என்று அர்த்தம். இத்தனைக்கும் அந்த மனுஷர் மீசையை எடுத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

இனி தலைவர் கதைக்கு வருகிறேன். நாட்டையே கையில் வைத்திருக்கிற மனுஷர், ஆனால் ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்க மாட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளியை வரவேற்கப் போன இடத்தில் ஷூவைக் கழற்றி அவர் கையில் கொடுத்து "கொஞ்சம் பிடி" என்றார். தன் பிறந்தநாள் ஊர்வலத்தில் மழை பெய்துவிட்டது என்று வானிலை இலாகாவின் தலைமை அதிகாரியை அன்று சாயங்காலமே வேலையை விட்டுத் தூக்கினார். அந்த நாற்காலிக்கு அப்புறம் ஆளே போடவில்லை. மைக் முன்னால் நின்றால் ஒரு வாக்கியம் தொடங்கும், முடியாது, நடுவில் வேறொன்று கிளம்பும்.

அவர் எதைச் செய்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் ஸ்டுடியோவில் இரண்டு பேர் ஆஜர். ஒருவர் பேராசிரியர். வழுக்கை பளபளக்கும், இரண்டு சுற்று பவுடர் வேண்டும். இன்னொருவர் ரிட்டயர்டு அதிகாரி, வியர்த்தால் தலைச்சாயம் காதோரம் இறங்கும். ஷூ விவகாரத்துக்கு, "சம்பிரதாயத்தை உடைக்கிற எளிமை" என்றார் பேராசிரியர். வானிலை அதிகாரி விவகாரத்துக்கு, "இந்த நாட்டில் முதல் முறையாக மழைக்கு ஒருவரைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள்" என்றார் ரிட்டயர்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். சப்பைக்கட்டு கட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? நான் காமிராவுக்குப் பின்னால் பவுடர் டப்பாவும் கையுமாக நின்று தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், வழுக்கையில் பவுடரை ஒற்றிக்கொண்டே கேட்டுவிட்டேன். "ஏன் சார், மனசைத் தொட்டுச் சொல்லுங்க, நிஜமாவே அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவர் என்ன பேசினாருங்கிறது முக்கியமில்லம்மா. என்ன பேச நினைச்சிருப்பாருங்கிறதைப் பிடிக்கணும். எங்க தொழிலே அதுதான்."

மூலைக்காரியின் தொழில் அதற்கு நேர் எதிர். சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அவள் அப்படித்தான் இருந்தாள், ஆஸ்பத்திரித் திறப்பு விழா வரைக்கும். அன்று தலைவர் எத்தனை படுக்கை என்று ஆரம்பித்தார். அங்கிருந்து தன் சின்ன வயசு ஆட்டுக்குத் தாவினார். ஆட்டிலிருந்து கடலுக்குப் போய், "கடல்ல இருக்கிற மீன்ல பாதி வேவு பாக்க வந்தது" என்று முடித்தார். இவள் ஒன்று விடாமல் செய்தாள். படுக்கை, ஆடு, கடல், மீன், வேவுக்காரன்.

நிகழ்ச்சி முடிந்ததும் செய்தி ஆசிரியர் மேக்கப் அறைக்கே வந்துவிட்டார். "என்ன, தலைவரை நக்கல் பண்றியா?"

"அவர் சொன்னதைத்தான் சார் செஞ்சேன்."

"பாக்கிறவங்களுக்கு அப்படித் தெரியலையே. கையை ஆட்டிக் கோமாளித்தனம் பண்ற மாதிரி இருக்கு. பாத்துச் செய்."

அதைக்கூட அவள் துடைத்துப் போட்டுவிட்டாள். அவளைச் சுட்டது அண்ணன் அனுப்பிய வீடியோ. எனக்குப் போட்டுக் காட்டி, ஒவ்வொன்றாக அர்த்தம் சொன்னாள். 'இன்னைக்கு உன் கைக்கு என்ன ஆச்சு? தூக்கத்துல செஞ்சியா? நடுவுல ஆடு எங்கேர்ந்து வந்துச்சு? தலைவர் பேச்சைக் கேட்டு ஒழுங்காச் சொல்ல முடியலைன்னா வேற ஆளை வைக்கச் சொல்லு. எங்க காது கேளாதவங்க குரூப்ல எல்லாரும் உன் தங்கச்சிக்கு என்னன்னு கேக்குறாங்க. எனக்கு மானம் போகுது.'

அநியாயத்தைப் பாருங்கள். உளறியது அவர், பழி இவளுக்கு. காது கேட்கிறவனுக்கு அந்தக் குரல் தடுமாறுவது கேட்கும், கூட்டத்தில் நாலு பேர் கிசுகிசுப்பது கேட்கும். கேளாதவருக்கு எல்லாமே இவள் கைதான். கை உளறினால் கைக்காரி உளறுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? அன்று அவள் அழுதாள். பன்னிரண்டு வருஷத் தொழிலில் யாரும் அவள் சைகையில் ஒரு குறை சொன்னதில்லை, அந்த ரோஷம் அவளுக்கு நிறைய உண்டு.

சைகைமொழிக்காரர்கள் பேச்சுக்கு இரண்டு வாக்கியம் பின்னால்தான் வருவார்கள். அர்த்தம் முழுசாகக் காதில் விழுந்த பிறகுதான் கை எழும். அந்த இரண்டு வாக்கிய இடைவெளியில்தான் அவள் புது வேலையைத் தொடங்கினாள். ஆடு வந்தால் விட்டுவிடுவாள். மீன் வந்தால் விட்டுவிடுவாள். அந்தரத்தில் நின்றுபோன வாக்கியத்துக்கு ஒரு முடிவு வைப்பாள். தலைவர் நாலு நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்த பேச்சு இவள் கையில் அழகான பத்து வாக்கியமாக வரும். 'இப்பத்தான் பழையபடி செய்யற' என்று அண்ணன் பாராட்டி எழுதினார். ஆசிரியரும் சந்தோஷப்பட்டார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? "பொழைச்சுக்கிட்டேடி" என்று அவள் கன்னத்தில் தட்டினேன்.

ஆறே மாதத்தில் அண்ணன் தலைவரின் பரம பக்தர் ஆகிவிட்டார். பட்டறைச் சுவரில் தலைவர் படத்தை ஒட்டினார். கூட வேலை பார்க்கிறவர்கள் தலைவரைக் கிண்டல் செய்து சிரித்தால் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போவார். 'இவ்வளவு தெளிவா, இவ்வளவு சுருக்கமாப் பேசுற மனுஷன் யாரு இருக்கா? காது கேக்கிறவங்களுக்கு ஏன் இத்தனை பொறாமை?' என்று தங்கையையே கேட்டார்.

"எங்கண்ணன் கட்சியில சேராத குறைதாங்க்கா" என்று அவள் சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்தோம் என்பதை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த மழை வந்தது. நாலு நாள் விடவில்லை. ஊருக்கு மேலே இருக்கிற அணை நிரம்பிவிட்டது, எப்போது திறப்பார்கள், எவ்வளவு திறப்பார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஐந்தாம் நாள் பகல் இரண்டு மணிக்குத் தலைவர் நாட்டு மக்களுக்கு நேரடியாகப் பேசுகிறார் என்றார்கள். மூலைக்காரி எங்கள் ஸ்டுடியோவில் பச்சைத் துணிக்கு முன்னால் நின்றாள். நான் நாலடி தள்ளி நின்றேன். அவர் பேசியது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

"தண்ணி வருது, தண்ணி வருதுன்னு சொல்றாங்க. யார் சொன்னா? அணையைத் திறப்பாங்களாம், திறக்கட்டும். எனக்கு நல்லா நீச்சல் தெரியும், எங்க வாத்தியாருக்குத் தெரியாது, பாவம். ஆத்தோரம் இருக்கிறவங்க... ஆத்தோரம் காத்து நல்லா இருக்கும். வீட்டை விட்டு யாரும்... எங்க வீட்டுக்கு ஏழு கதவு, தெரியுமா? அதிகாரிங்க வருவாங்க. வரலைன்னா தூக்கிடுவேன். ஆறு நான் சொன்னாக் கேக்கும்."

பக்கத்தில் நின்ற காமிராக்காரர், "வீட்டுக்கு போன் பண்ணி எல்லாரையும் கிளம்பச் சொல்றேன். இந்தாளு பேச்சைக் கேட்டா எனக்கே பயமா இருக்கு" என்று வெளியே ஓடினார். காது கேட்ட ஊர் முழுக்க அப்படித்தான் ஓடியது. உளறலைக் கேட்டே மூட்டையைக் கட்டினார்கள்.

மூலைக்காரியின் கை மட்டும் நிதானமாக எழுந்து இறங்கியது. அவள் அதில் என்ன சொன்னாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. 'அணை திறக்கப்படலாம். ஆற்றோரம் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டை விட்டு யாரும் வெளியேற வேண்டாம். அதிகாரிகள் வருவார்கள். ஆறு கட்டுப்பாட்டில் இருக்கிறது.'

தலைவர் பேச்சு முடிந்ததும் அந்த இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். "பதற்றப்படாத தலைமை. ஆறு நான் சொன்னால் கேட்கும் என்றாரே, அது மக்களுக்குத் தைரியம் ஊட்டுகிற உளவியல்" என்றார் பேராசிரியர். அதையும் இவள் கையால் சொன்னாள்.

மூன்று மணிக்கு இடைவேளை விட்டார்கள். அவள் மேக்கப் அறைக்கு வந்து போனைத் திறந்தாள். அண்ணனிடமிருந்து ஒரு வீடியோ. பின்னால் தெருவில் ஆட்கள் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அண்ணன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கையை ஆட்டுகிறார். பார்த்துக்கொண்டிருந்த அவள் முகம் நான் போட்ட மேக்கப்பையும் மீறி வெளிறிப்போனது.

"என்னடி? என்ன சொல்றாரு?"

"பாரு, காது கேக்கிறவங்க எவ்வளவு பயந்தாங்கொள்ளிங்கன்னு சொல்றாருக்கா. தலைவர் தெளிவாச் சொல்லியும் ஓடுறாங்களாம். மீசை கிளம்பினாராம், இவருதான் கையைப் பிடிச்சு உக்கார வச்சாராம். குரூப்ல எல்லாருக்கும் சொல்லிட்டாராம்." அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "தலைவர் அப்படிச் சொல்லலக்கா. யாருமே அப்படிச் சொல்லல. நான்தான் சொன்னேன். அந்த வாக்கியத்தை நான்தான் முடிச்சேன்."

ஐயோ என்று உட்கார்ந்துவிட்டேன். அவள் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டாள், கிடைக்கவில்லை. மெசேஜ் போட்டாள், போகவில்லை. ஆற்றோரம் கரண்டும் டவரும் போய்விட்டதாகச் செய்திப் பிரிவில் கத்திக்கொண்டிருந்தார்கள். காது கேளாத மனுஷரை வேறு எப்படிக் கூப்பிடுவது? வாசலில் நின்று கத்தினாலும் கேட்காதே. அவள் ஆசிரியர் அறைக்கு ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், ஒரே நிமிஷம் குடுங்க. நான் இரண்டு மணிக்குச் சொன்னது தப்புன்னு திரையில சொல்லிடறேன். ஆத்தோரம் எத்தனை பேர் உக்காந்திருக்காங்களோ!"

அவர் நிமிர்ந்தார். "என்ன தப்பு?"

"வீட்டை விட்டு வராதீங்கன்னு தலைவர் சொன்னதாச் சொல்லிட்டேன் சார். அவர் அப்படிச் சொல்லல."

"அப்போ என்ன சொன்னாரு?"

"நீச்சல் தெரியும்னு..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டாள்.

"சொல்லு. நீ மறுத்தா, அப்போ அவர் நிஜமா என்னதான் சொன்னாருன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது? ஏழு கதவுன்னா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "நீ சொன்னதுதான் இருக்கிறதிலேயே நல்லா இருக்கு. விடு."

நான் வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். "நீங்கல்லாம் மனுஷங்களா?" என்றும் கேட்டேன். அவர் கதவைக் காட்டினார்.

மூன்றரைக்கு மறுபடி விவாதம். பேராசிரியர் பேசினார், ரிட்டயர்டு பேசினார், மூலையில் இவள் நின்றாள். எனக்கு அந்த மொழியில் பத்து இருபது சைகைதான் தெரியும். வீடு தெரியும், தப்பு தெரியும், நான் என்பது தெரியும். பேராசிரியர் ஆற அமர உளவியல் பேசிக்கொண்டிருக்க, இவள் கை அதைச் சொல்லவில்லை. ஒரே சைகைகள் மறுபடி மறுபடி வந்தன. வீடு. வெளியே. ஓடுங்கள். மேட்டுக்கு. நான். தப்பு. நான் சொன்னது தப்பு. முகமெல்லாம் கண்ணீர். நான் பூசியது கோடு கோடாக வழிந்தது.

ஒன்பது நிமிஷம். அந்தக் கட்டடத்தில் அத்தனை பேர் இருந்தும் என்னைத் தவிர ஒருத்தருக்கும் புரியவில்லை, ஏனென்றால் வேறு ஒருத்தரும் அந்த மூலையைப் பார்ப்பதில்லை. அந்த ஒன்பது நிமிஷத்தைப் பார்த்து வெளியேறினோம் என்று வேறு பகுதியில் இருந்த பதினொரு குடும்பம் பிறகு அவளுக்கு எழுதியது. அண்ணன் தெருவில்தான் அப்போது கரண்ட் இல்லையே. நாலரை மணிக்கு அணையை முழுசாகத் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவளை என் ஸ்கூட்டரில் வைத்து மேட்டுப் பள்ளிக்கூட முகாமுக்குக் கூட்டிப்போனேன். வழியில் ஆசிரியர் அவளுக்குப் போன் செய்தார். "நேத்து கையில என்ன ஒரு உணர்ச்சிம்மா! மேலிடத்துலேயே பாராட்டினாங்க. இன்னைக்கும் வந்துடு" என்றார். அவள் போனை என்னிடம் கொடுத்தாள். நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

அண்ணனையும் அண்ணியையும் மாடித் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து படகில் இறக்கியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு அறையில் குட்டி பெஞ்சில், யாரோ கொடுத்த போர்வையோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருக்கிறாரே என்று எனக்குப் போன மூச்சு திரும்பியது. மீசையை விடியும்போதுதான் பாலத்துத் தூணருகே பிணமாகக் கண்டெடுத்தார்களாம். அவரை அடையாளம் காட்டிவிட்டு வந்து அண்ணன் அப்படி உட்கார்ந்திருந்தார்.

தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் தூக்கினார். அன்று அவர்கள் பேசியதில் எனக்குப் புரிந்தது கொஞ்சம். மீதியை ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது அவளே சொன்னாள்.

'இங்கே காது கேக்கிற எல்லாரும் தலைவர் பைத்தியம் மாதிரிப் பேசினாருன்னு எழுதிக் காட்டுறாங்க. நேத்து அவர் நிஜமா என்ன பேசினாரு?'

அவள் அவர் முன்னால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். தண்ணி வருது என்று சொல்றாங்க, யார் சொன்னா, நீச்சல், வாத்தியார், பாவம், ஆத்தோரம், காத்து, வீட்டை விட்டு யாரும், ஏழு கதவு. ஒன்று விடாமல், எங்கே அறுந்ததோ அங்கே அறுத்து, அப்படியே செய்தாள். அண்ணன் கண் கொட்டாமல் பார்த்தார். அண்ணியும் பார்த்தாள். முடிந்ததும் அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சின்னப் பிள்ளைக்கு வழி தப்பினால் ஒரு முழி வருமே, அந்த முழிதான் வந்தது.

'முன்னாடி பேசினதெல்லாம்?'

'எல்லாம் இப்படித்தான்.'

'மீசையை நான்தான் உக்கார வச்சேன்.'

'நீ இல்ல அண்ணா. நான்.'

அவர் மெதுவாக, ஒவ்வொரு சைகையாகக் கேட்டார். 'அப்பா சாகும்போது என்னைப் பத்தி ஒண்ணு சொன்னாருன்னு சொன்னியே. பெருமையா இருக்குன்னு சொன்னாருன்னு. அது அவர் சொன்னதா? நீ முடிச்சதா?'

அவள் கை எழும் என்று பார்த்தேன். பாதி எழுந்து நெஞ்சுக்கு நேரே நின்றது. அப்பா என்ன சொன்னார் என்று இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் எனக்கில்லை.

அண்ணன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவர் தோளைத் தொட்டாள், முட்டியைப் பிடித்து உலுக்கினாள், மூடின இமைக்கு முன்னால் கையை வேகவேகமாக ஆட்டி என்னென்னவோ சொன்னாள். அண்ணி குறுக்கே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். நாங்கள் மத்தியானம் வரை அங்கேயே இருந்தோம். அவர் கண்ணைத் திறக்கவில்லை.